ரேடாரில் சிவப்பு, தரையில் தூறல்கூட இல்லை: சென்னை ரேடார் படத்தை எப்படிப் படிப்பது?

மழைநோக்கி:

துறைமுகத்து டாப்ளர் ரேடார் படங்களைத் தினமும் பார்க்கிறேன். நிறத்தைப் பார்த்து மழையைக் கணிக்கப் போனால் பாதி நேரம் தப்பாகிறது. விவரம் தெரிந்தவர்கள் இவற்றை விளக்க முடியுமா?

ஒன்று, மேக்ஸ் இசட் படத்தில் திருவள்ளூர் மேல் அடர் சிவப்பு. அங்கே இருப்பவர்கள் வானம் இருட்டியிருக்கிறது, சொட்டுகூட விழவில்லை என்கிறார்கள். எப்படி?

இரண்டு, மே மாதத்தில் மேகமே இல்லாத மாலையில் கடல் மேல் புள்ளி புள்ளியாக எதிரொலி வருகிறது. சில நாள் கரையை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று உள்நாட்டுப் பக்கம் நகர்கிறது. என்ன அது?

மூன்று, ரேடார் இருப்பதே ராஜாஜி சாலையில். ஆனால் பாரிமுனையில் கொட்டும்போது படத்தின் நடுவில் லேசான நிறம்தான். பக்கத்தில் இருப்பது இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டாமா?

நான்கு, வேகப் படத்தில் புயல் நேரத்தில் ஒரே இடத்தில் நிறம் தடாலென்று மாறுகிறது. காற்று அங்கே நிஜமாகவே திரும்புகிறதா?

ஐந்து, எதிரொலியின் பலத்தைச் சொல்லும் அலகில் 45 டிபிஇசட் என்றால் மழை மணிக்கு எத்தனை மில்லிமீட்டர்?


வடகிழக்கு:

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். படத்தில் தெரியும் புள்ளி தரையில் இல்லை. அது எத்தனை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் நிறத்தைப் படிக்கவே கூடாது. உங்கள் முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

ரேடார் தொடர்ந்து அலை வீசிக்கொண்டிருப்பதில்லை. ஒரு மைக்ரோ நொடி மட்டும் நீடிக்கும் ஒரு துடிப்பு, பிறகு வாயை மூடிக்கொண்டு எதிரொலிக்குக் காத்திருப்பது, மறுபடி ஒரு துடிப்பு. நொடிக்குச் சில நூறு முதல் ஆயிரம் துடிப்புகள் வரை போகும். ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும், போய்த் திரும்ப வேண்டும் என்பதால் எதிரொலி வர ஆகும் ஒவ்வொரு மைக்ரோ நொடிக்கும் 150 மீட்டர் தூரம் என்று கணக்கு. துறைமுகத்திலிருந்து திருவள்ளூர் ஏறக்குறைய 40 கி.மீ. அங்கே போய் வர 267 மைக்ரோ நொடி. தூரம் கிடைப்பது இந்த நேரத்தை வைத்து, திசை கிடைப்பது ஆன்டெனா அப்போது எந்தப் பக்கம் பார்த்தது என்பதை வைத்து.

துடிப்பின் உச்சத் திறன் பல நூறு கிலோவாட். 500 கிலோவாட்டில் ஒரு மைக்ரோ நொடித் துடிப்பை நொடிக்கு 1000 தடவை அனுப்புவதாக வைத்துக்கொண்டால் சராசரி 500 வாட்தான், வீட்டு மிக்ஸி இழுப்பதைவிடக் குறைவு. திரும்பி வருவதோ மிக மிகக் கொஞ்சம். நல்ல ரிசீவர், ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைக்கூடக் கண்டுகொள்ளும். அத்தனை நுட்பமான ரிசீவரும் அத்தனை பலமான டிரான்ஸ்மிட்டரும் ஒரே ஆன்டெனாவில்தான் தொங்குகின்றன. துடிப்பு கிளம்பும் கணத்தில் நடுவில் இருக்கும் சுவிட்ச் ரிசீவரை அடைத்துவிடும். அது ஒரு தடவை தவறினாலும் ரிசீவரின் முன்பகுதி எரிந்துபோகும்.

இனி உயரம். மிகத் தாழ்ந்த சுற்றில்கூட ஆன்டெனா கிடைமட்டமாகப் பார்ப்பதில்லை. அரை டிகிரி அண்ணாந்து பார்க்கும். கதிர் நேராகப் போகப் போக, அடியில் பூமி வளைந்து விலகுகிறது. காற்றின் அடர்த்தி கதிரைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைக்கும் என்றாலும் அது போதாது. சாதாரண வளிமண்டலத்தில் கணக்கு இப்படி வரும்: செங்கல்பட்டைத் தாண்டாத 50 கி.மீ. தூரத்தில் கதிரின் நடு சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும். 125 கி.மீ. தள்ளி வேலூரில் அது 2 கி.மீ. சிதம்பரம் கிட்டத்தட்ட 200 கி.மீ.; அங்கே 4 கி.மீ.க்கு மேல். 250 கி.மீ.யில் ஏறக்குறைய 6 கி.மீ.

இது நடுக்கோட்டின் உயரம் மட்டும். கதிர் ஒரு டிகிரி அகலத்தில் விரிந்துகொண்டே போகிறது. சிதம்பரத்தில் அதன் தடிமன் மூன்றரை கி.மீ. ஆக, அங்கே நீங்கள் பார்க்கும் ஒரு புள்ளி, தரையிலிருந்து 2.4 கி.மீ.யில் தொடங்கி 5.8 கி.மீ. வரை இருக்கும் எல்லாவற்றின் கலவை. அதற்குக் கீழே மழை பெய்கிறதா என்று சென்னை ரேடாருக்குத் தெரியவே தெரியாது. சிதம்பரத்துக்காரர்கள் காரைக்கால் ரேடாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

திருவள்ளூர் விஷயம் வேறு. அங்கே கதிர் தாழ்வாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் பார்த்தது மேக்ஸ் இசட். ரேடார் அரை டிகிரியில் ஒரு சுற்று, பிறகு ஒன்று, இரண்டு என்று ஏறி 20 டிகிரி சுமார் வரை சுற்றும். எல்லாச் சுற்றும் சேர்ந்து ஏறக்குறைய 10 நிமிடம். மேக்ஸ் இசட் படம், தரையிலிருந்து மேகத்தின் உச்சி வரை எந்த உயரத்தில் அதிகமோ அந்த மதிப்பை எடுத்து ஒட்டிவிடும். இடிமேகம் வளரும்போது பெரிய துளிகளும் ஈரம் பூசிய பனிக்கட்டிகளும் முதலில் திரள்வது 5, 6 கி.மீ. உயரத்தில். படத்தில் சிவப்பு, அதே நேரத்தில் தரைக்கு எதுவும் வந்து சேரவில்லை. பத்து, பதினைந்து நிமிடத்தில் வரலாம். மே மாதத்தில் மேகத்தின் அடி உயரமாகவும் கீழே காற்று வறண்டும் இருந்தால் சிறு துளிகள் வழியிலேயே ஆவியாகிவிடும். அப்போது இருட்டும் குளிர்ந்த காற்றும் மட்டும் வரும், மழை வராது.

என்ன செய்யலாம்? மேக்ஸ் இசட் படத்தின் மேலேயும் வலப்பக்கத்திலும் இரண்டு பட்டைகள் இருக்கின்றனவே, பலரும் கவனிக்காமல் விடுவது அவற்றைத்தான். மேகத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்த மாதிரி உயரத்தைக் காட்டும் பட்டைகள் அவை. உங்கள் சிவப்புக்கு நேர் மேலே போய் அது எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். சிவப்பு அந்தரத்தில் தொங்கினால் மழை இன்னும் மேலே. தரைவரை இறங்கி நின்றால் கீழே கொட்டுகிறது. அடுத்து பிபிஐ இசட் படத்தைத் திறந்து பாருங்கள், அது ஒரே ஒரு தாழ்ந்த சுற்று. இரண்டிலும் சிவப்பு என்றால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது கேள்வி. ஆன்டெனா 20, 21 டிகிரிக்கு மேல் நிமிராது. தலைக்கு மேலே கூம்பு வடிவில் ஒரு குருட்டுப் பகுதி விழுகிறது. ரேடாரிலிருந்து 10 கி.மீ. தூரத்தில் 4 கி.மீ. உயரத்துக்கு மேல் எதையும் பார்க்க முடியாது. 10 கி.மீ. உயரத்து மேகத்தை அதன் உச்சி வரை பார்க்க வேண்டுமானால் அது 26 கி.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும், அதாவது தாம்பரம் தூரத்தில். பாரிமுனை மேல் நிற்கும் மேகத்தின் அடிப்பாகம் மட்டுமே கிடைக்கும். அந்த அடிப்பாகத்திலும் கட்டடங்களின் எதிரொலியை வடிகட்டும்போது மழையும் கொஞ்சம் போய்விடும். வேகப் படம் பற்றி யாராவது எழுதினால் அந்த வடிகட்டியைப் பற்றியும் சொல்லுங்கள்.


கடல்காற்று:

இரண்டாவது கேள்விக்கு நான்.

மே, ஜூன் மாலையில் நிலத்திலிருந்து வரும் சூடான வறண்ட காற்று மேலே, கடலிலிருந்து வரும் குளிர்ந்த ஈரக்காற்று கீழே என்று இரண்டு அடுக்காக நிற்கும். இந்த அடுக்கு ரேடார் கதிரை வழக்கத்தைவிட அதிகமாகக் கீழே வளைத்துவிடும். அரை டிகிரி அண்ணாந்து கிளம்பிய கதிர் வளைந்து போய்க் கடல் மட்டத்தைத் தடவும். அலைகளும், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களும் எதிரொலிக்கும். எஃகுக் கப்பல் மிகச் சிறந்த எதிரொலிப்பான். அதனால்தான் நடுக்கடலில் ஒற்றைப் புள்ளியாக 50 டிபிஇசட்டுக்கு மேல்கூடத் தெரியும். தென்மேற்கே பார்த்தால் பரங்கிமலை, வடமேற்கே நாகலாபுரம் மலைகள், திருப்பதி மலைகள் இதே மாதிரி அசையாமல் நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழி, அடுத்தடுத்த படங்களை ஓடவிட்டுப் பார்ப்பது. மழை நகரும், வளரும், கரையும். மலை நகராது. கடல் எதிரொலி அங்கேயே மினுக்மினுக்கென்று வந்து வந்து போகும். மேக்ஸ் இசட்டின் பக்கப் பட்டையிலும் காட்டிக்கொடுத்துவிடும், எல்லாம் மிகத் தாழ்வில் ஒட்டிக்கிடக்கும்; மேல்சுற்றில் ஒன்றும் இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் அங்கே மேகம் உண்டா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கரையை ஒட்டி நகரும் மெல்லிய கோடு பிழை இல்லை. தயவுசெய்து அதை ஒதுக்காதீர்கள். அது கடல்காற்றின் முன்விளிம்பு. குளிர்ந்த காற்று சூடான காற்றை முட்டி மேலே தள்ளும் இடத்தில் பூச்சிகள் திரண்டு மாட்டிக்கொள்கின்றன; காற்றின் அடர்த்தியும் ஈரமும் அந்த இடத்தில் சட்டென்று மாறுகின்றன. இரண்டும் சேர்ந்து 10, 20 டிபிஇசட் அளவில் பலவீனமான எதிரொலி தரும். அந்தக் கோடு உங்கள் ஊரைத் தாண்டியதும் வெக்கை குறைந்து தென்கிழக்குக் காற்று தொடங்கும். மேற்கிலிருந்து இடிமழையின் குளிர்காற்று இன்னொரு கோடாக வந்து இதோடு மோதினால், மோதும் இடத்தில் புது மேகம் கிளம்ப நல்ல வாய்ப்பு. வெயில் காலத்தில் நகரத்துக்குள் திடீரென்று முளைக்கும் மழையில் கணிசமானது இப்படித்தான் பிறக்கிறது.


எஸ்_பேண்ட்:

நான்காவது கேள்வி. காற்று திரும்பவில்லை, எண் மடங்கிவிட்டது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இது புரிந்தால் வேகப் படம் முழுக்கப் புரியும்.

துறைமுக ரேடார் எஸ் பேண்ட், அலைநீளம் ஏறக்குறைய 10 செ.மீ. எளிமைக்காகச் சரியாக 10 என்றே வைத்துக்கொள்வோம். ரேடார் வேகத்தை அளப்பது அடுத்தடுத்த இரண்டு துடிப்புகளின் எதிரொலியை ஒப்பிட்டு. நொடிக்கு 1000 துடிப்பு என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லி நொடி. அந்த இடைவெளியில் மழைத்துளி ரேடாரை நோக்கி 1 செ.மீ. நகர்ந்தால், அலை போக 1, வர 1 என்று 2 செ.மீ. பயணம் குறையும். அலையின் கட்டம், அதாவது முகடா பள்ளமா என்ற நிலை, அதற்கேற்ப மாறும், அதிலிருந்து வேகம் கிடைக்கும்.

துளி 2.5 செ.மீ. நகர்ந்துவிட்டால் பயணம் 5 செ.மீ. குறைகிறது, அதாவது சரியாக அரை அலை. முகடு இருந்த இடத்தில் பள்ளம். இதற்கு மேல் போனால் துளி கிட்டே வந்ததா, எட்டப் போனதா என்று ரேடாரால் பிரித்தறிய முடியாது. ஒரு மில்லி நொடியில் 2.5 செ.மீ. என்பது நொடிக்கு 25 மீட்டர், மணிக்கு 90 கி.மீ. இதுதான் அந்த அமைப்பின் உச்ச வரம்பு. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் ரேடாரை நோக்கி வரும் காற்று, வரம்பைத் தாண்டி மறுபக்கம் விழுந்து, 60 கி.மீ. வேகத்தில் விலகிப் போவதாகக் காட்டும். நீங்கள் பார்த்தது அதுதான்.

நிஜமாகக் காற்று திசை மாறும் இடத்தையும் மடிப்பையும் பிரிப்பது சுலபம். நிஜ மாற்றத்தில் வேகம் குறைந்து, பூஜ்யத்தின் நிறத்தைத் தொட்டு, பிறகு எதிர்ப்பக்கம் ஏறும். மடிப்பில் பூஜ்யமே இருக்காது. அளவுகோலின் இந்தக் கோடி நிறமும் அந்தக் கோடி நிறமும் நேரடியாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

துடிப்பை இன்னும் வேகமாக அனுப்பினால் வரம்பு கூடுமே என்று கேட்கலாம். கூடும், ஆனால் தூரம் போய்விடும். நொடிக்கு 1000 துடிப்பில், அடுத்த துடிப்பு கிளம்பும் முன் போய் வர முடிகிற தூரம் 150 கி.மீ. மட்டும். 250 கி.மீ. பார்க்க வேண்டுமானால் 600 ஆகக் குறைக்க வேண்டும். வேக வரம்பு நொடிக்கு 15 மீட்டராக இறங்கிவிடும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும், இரண்டின் பெருக்குத்தொகையை அலைநீளம் முடிவு செய்துவிடுகிறது. இதற்கு ஓரளவு மாற்று, துடிப்புகளை இரண்டு வேகங்களில் மாற்றி மாற்றி அனுப்புவது. 800, 600 என்று மாற்றி அனுப்பினால் இரண்டிலும் எண் வெவ்வேறு இடத்தில் மடங்கும். ஒப்பிட்டுப் பார்த்து நொடிக்கு 60 மீட்டர் வரை அவிழ்த்துவிடலாம். ஆனால் புயல் கண்ணைச் சுற்றி, பக்கத்துப் பக்கத்துக் கதிர்களில் காற்று வேகமாக மாறும் இடத்தில், அவிழ்க்கும் கணக்கே தவறி அங்கங்கே புள்ளியாக நிறம் சிதறும். படத்தில் அரிசியில் கல் மாதிரி ஒன்றிரண்டு புள்ளி தனியே தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள்.

இன்னொரு தவறு எல்லோரும் செய்வது. வேகப் படத்தில் இருப்பது காற்றின் முழு வேகம் இல்லை. ரேடாரை நோக்கி அல்லது ரேடாரை விட்டு நகரும் பங்கு மட்டுமே. கதிருக்குக் குறுக்காக 100 கி.மீ. வேகத்தில் அடித்தாலும் படத்தில் பூஜ்யம்தான். வடகிழக்குக் காற்று சீராக வீசும் நாளில் வடகிழக்குப் பக்கம் முழுக்க நெருங்கி வரும் நிறம், தென்மேற்குப் பக்கம் முழுக்க விலகும் நிறம், நடுவில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் பூஜ்யக் கோடு. புயல் கண் சென்னைக்கு நேர் கிழக்கே இருந்தால், நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழி என்பதால், கண்ணுக்கு வடக்கே காற்று ரேடாரை நோக்கி வரும், தெற்கே விலகிப் போகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்த மாதிரி கிழக்கிலிருந்து நேரே வரும் புயலில் இந்த இரட்டை அமைப்பின் நடுப்புள்ளியை வைத்தே கண்ணைப் பிடித்துவிடலாம். எந்த நிறம் நெருங்குவது என்று மனப்பாடம் செய்யாதீர்கள். அது படத்துக்குப் படம் வேறுபடும். அளவுகோலில் கழித்தல் குறி உள்ள பக்கம் நெருங்கி வருவது.

வடகிழக்கு கேட்ட வடிகட்டி: கட்டடமும் மலையும் அசையாது, ஆகவே வேகம் பூஜ்யத்தை ஒட்டி உள்ள எதிரொலியை எல்லாம் தூக்கி எறி என்பதுதான் அதன் விதி. கதிருக்குக் குறுக்காக நகரும் மழைக்கும் வேகம் பூஜ்யம். அதையும் சேர்த்து எறிந்துவிடும். பூஜ்யக் கோட்டை ஒட்டி மழை மெலிந்த மாதிரித் தெரிந்தால் காரணம் இது. கடல் அலைக்கும் அதில் ஆடும் கப்பலுக்கும் கொஞ்சம் வேகம் இருப்பதால் இந்த வடிகட்டியில் அவை தப்பிவிடும், கடல்காற்று சொன்ன புள்ளிகள் அப்படி மிஞ்சியவை.


மழைநோக்கி:

மிக்க நன்றி. மடிப்பு இப்போது தெளிவாகப் புரிகிறது. 45 டிபிஇசட் கேள்வி மிச்சம். கூடவே ஒன்று: பள்ளிக்கரணை எக்ஸ் பேண்ட் ரேடாரில் சில நேரம் தெரியும் மழை துறைமுக ரேடாரில் வேறு மாதிரி இருக்கிறது. எதை நம்புவது?


துளிக்கணக்கு:

45 டிபிஇசட்டுக்கு ஒரே விடை கிடையாது. ஏன் என்பதைத் துளிகளை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

அலைநீளத்தைவிடத் துளி மிகச் சிறியதாக இருக்கும்போது அதன் எதிரொலி, விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 2 மி.மீ. துளியையும் 4 மி.மீ. துளியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியதில் இருக்கும் தண்ணீர் 8 மடங்கு. எதிரொலியோ 64 மடங்கு. ரேடார் பார்ப்பது எதிரொலியை, மழைமானியில் விழுவது தண்ணீர். ஒரு கன மீட்டர் காற்றில் சில பெரிய துளிகள் மட்டும் இருந்தாலும், ஏராளமான நடுத்தரத் துளிகள் இருந்தாலும் ஒரே 45 வரலாம். இரண்டாவதில் தண்ணீர் பல மடங்கு.

1948இல் மார்ஷல், பாமர் இருவரும் தந்த பழைய சூத்திரத்தில் போட்டால் 23 டிபிஇசட் மணிக்கு 1 மி.மீ., 39 என்றால் 10 மி.மீ., 55 என்றால் 100 மி.மீ. 45க்கு 24 மி.மீ. வரும். அதே 45ஐ வெப்பமண்டல மழைக்கான சூத்திரத்தில் போட்டால் 56 மி.மீ.! இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். நம் வடகிழக்குப் பருவமழையில் கடலிலிருந்து வரும் மேகங்கள் பெரும்பாலும் உயரம் குறைந்தவை, சிறிய, நடுத்தரத் துளிகள் ஏராளம். அங்கே பழைய சூத்திரம் மழையைக் குறைத்துக் காட்டும். மே மாத இடிமழையில் நேர்மாறு: துளி பெரிது, கூட ஆலங்கட்டி இருந்தால் 55க்கு மேல் எகிறும்; அதை அப்படியே மழையாக மாற்றினால் நடக்காத வெள்ளத்தைக் காட்டும். அதனால் மழையளவுப் படம் தயாரிக்கும் மென்பொருள்களில் 53 போல ஒரு உச்சவரம்பு வைப்பது வழக்கம்.

பனி உருகும் அடுக்கும் கணக்கைக் கெடுக்கும். நம் ஊரில் அது தரையிலிருந்து சுமார் 5 கி.மீ. பனிச்செதில் உருகத் தொடங்கும்போது மேலே ஈரப் படலம் பூசிய பெரிய உருண்டை மாதிரி ரேடாருக்குத் தெரியும். உருகி முடிந்தால் சுருங்கி வேகமாக விழுந்துவிடும். நடுவில் அந்த ஒரு பட்டையில் மட்டும் 5 முதல் 10 டிபிஇசட் கூடும். 200 கி.மீ. தாண்டிய மழையில் கதிர் சரியாக இந்த அடுக்கை வெட்டும் என்பதால், ரேடாரை மையமாக வைத்து வளையம் போட்ட மாதிரி மழை கனத்துத் தெரியும். அந்த வளையம் நிஜமில்லை.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இது. மழையளவுப் படத்தையும் அந்த வட்டாரத்தில் உள்ள நாலைந்து தானியங்கி மழைமானிகளையும் ஒரே நேர இடைவெளிக்கு ஒப்பிடுங்கள். ரேடார் 25 என்கிறது, மானிகள் சராசரியாக 40 என்கின்றன என்றால் விகிதம் 1.6. அன்றைய தினம், அதே வகை மழை, ரேடாரிலிருந்து ஏறக்குறைய அதே தூரம் என்றால் மானி இல்லாத ஊருக்கு அந்த 1.6ஐப் பெருக்கலாம். மறுநாளுக்கு அந்த எண்ணைக் கொண்டுபோகாதீர்கள். ஒரே ஒரு மானியை வைத்தும் விகிதம் போடாதீர்கள், அதன் வாயில் இலை அடைத்திருந்தால் கணக்கு முழுக்கப் போச்சு.

இரட்டை முனைவு ரேடார்கள் வந்த பிறகு நிலைமை நல்லபடியாக மாறிவருகிறது. அவை கிடையாக ஒரு அலை, நெட்டாக ஒரு அலை அனுப்பும். பெரிய மழைத்துளி விழும்போது அடி தட்டையாகி இட்லி மாதிரி அகன்றிருக்கும். கிடை எதிரொலி கூடும். ஆலங்கட்டி உருண்டு புரண்டு வருவதால் இரண்டும் ஏறக்குறைய சமம். பூச்சி, கப்பல், கட்டடம் எல்லாம் இரண்டு அலைக்கும் ஒத்துப்போகாமல் தாறுமாறாகப் பதில் தரும். ஆகவே துளி எவ்வளவு பெரிது, அது மழைதானா என்ற இரண்டு கேள்விக்கும் அளவிலேயே விடை கிடைத்துவிடுகிறது.


எஸ்_பேண்ட்:

பள்ளிக்கரணை ரேடாருக்கு நான் பதில் சொல்கிறேன். தேசியக் கடல் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் 2022இல் இயங்கத் தொடங்கியது. அலைநீளம் சுமார் 3 செ.மீ. அலை குறுகினால் அதே ஒரு டிகிரிக் கதிருக்குச் சிறிய ஆன்டெனா போதும். எஸ் பேண்டுக்கு 8.5 மீட்டர் தட்டு வேண்டிய இடத்தில் இதற்கு இரண்டரை மீட்டருக்குள் முடிந்துவிடும். செலவும் கட்டடச் சுமையும் குறைவு, சிறு துளிகளும் நன்றாகத் தெரியும்.

குறை என்னவென்றால், 3 செ.மீ. அலையைக் கனமழை விழுங்கிவிடும். ரேடாருக்கும் உங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு பலத்த மேகம் நின்றால், அதற்குப் பின்னால் இருப்பது மங்கும், சில நேரம் அடியோடு மறையும். படத்தில் அடர்நிறத்துக்குப் பின்னால் ஆப்பு வடிவில் வெறுமை விழுந்தால் அங்கே மழை இல்லை என்று எண்ணாதீர்கள். ரேடாரின் மேல் கூடாரத்தில் மழை பெய்து நீர்ப்படலம் ஓடினாலும் நாலாபக்கமும் ஒட்டுமொத்தமாக மங்கும். துறைமுக எஸ் பேண்டுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதனால்தான் புயலுக்குக் கடற்கரையில் எஸ் பேண்ட் வைக்கிறார்கள்.

என் முறை: தென்சென்னைக்குள் லேசான மழையின் நுணுக்கமும், துறைமுக ரேடாரின் தலைக்கு மேலே உள்ள குருட்டுப் பகுதியும் வேண்டுமானால் பள்ளிக்கரணை. பெருமழை, புயல், 60 கி.மீ.க்கு அப்பால் என்றால் துறைமுகம். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா எஸ் பேண்ட் ரேடாரும் இருக்கிறது. ஒரு மேகத்தை இரண்டு ரேடார்கள் வேறு வேறு மாதிரி காட்டினால், எதில் கதிர் தாழ்வாக வெட்டுகிறது, எதற்கு நடுவில் வேறு மழை இல்லை என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.


கடல்காற்று:

மழை எப்போது வந்து சேரும் என்று கணிப்பவர்களுக்காக. படத்தில் அச்சாகும் நேரம் யூடிசி. ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். 11:30 என்றிருந்தால் மாலை 5 மணி. இதை முதலில் பாருங்கள், பழைய படம் பக்கத்தில் தங்கிவிட்டதைக் கவனிக்காமல் கணிப்பவர்கள் நிறைய.

அரை மணி இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். மேகத்தின் நடுவை அளக்க வேண்டாம், அது வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். உங்களை நோக்கிய முன்விளிம்பில் 35 டிபிஇசட் நிறம் தொடங்கும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். 15 கி.மீ. நகர்ந்திருந்தால் மணிக்கு 30 கி.மீ. உங்கள் ஊர் 20 கி.மீ. தள்ளி இருந்தால் 40 நிமிடம். அளந்த படமே வெளியாகும்போது பத்து நிமிடம் பழசு, அதைக் கழித்துவிடுங்கள்.

இந்தக் கணக்கு வடகிழக்குப் பருவத்தில் கடலிலிருந்து வரும் கூட்டங்களுக்கு ஓரளவு சரியாக வரும். மேற்கிலிருந்து வரும் கோடைகால இடிமழையில் மேகம் நகர்வதைவிட, பழையது சாய்ந்து அதன் குளிர்காற்று முன்னால் புதியதைக் கிளப்பும். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்த முறையை நீட்டாதீர்கள்.


மழைநோக்கி:

கடைசியாக ஒன்று. சூரிய உதயத்தின்போதும் மறையும்போதும் மையத்திலிருந்து விளிம்பு வரை நேராக ஒரு மெல்லிய கீற்று வருகிறது. இதுவும் குறுக்கீடா?


வடகிழக்கு:

அது சூரியனேதான். சூரியனும் ரேடியோ அலை வீசுகிறது. அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது, தாழ்ந்த சுற்றில் ஆன்டெனா அதை நேராகப் பார்க்கும் அந்த ஒரு திசையில் மட்டும் ரிசீவருக்குள் தொடர்ந்து இரைச்சல் புகும். தொடர்ந்து வருவதால் அதற்குத் தூரம் கிடையாது, மையத்திலிருந்து விளிம்பு வரை கீற்றாக விழும். காலையில் கிழக்கே, மாலையில் மேற்கே. டிசம்பரில் தெற்கே 24 டிகிரி போல நகர்ந்திருக்கும், ஜூனில் அதே அளவு வடக்கே.

ரேடாரைப் பராமரிப்பவர்களுக்கு இது பயனுள்ளது. அந்த நிமிடத்தில் சூரியன் எந்தத் திசையில், எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கும் என்பது வானியல் கணக்கில் துல்லியமாகத் தெரியும். கீற்று விழுந்த திசையோடு ஒப்பிட்டால் ஆன்டெனா எவ்வளவு விலகிப் பார்க்கிறது என்று கிடைத்துவிடும். அரை டிகிரி விலகினாலே 200 கி.மீ. தூரத்தில் மழை 1.7 கி.மீ. இடம் மாறி விழும். சூரியன் அனுப்பும் ஆற்றலும் தெரிந்த அளவுதான் என்பதால் ரிசீவர் சரியாக அளக்கிறதா என்றும் அதே கீற்றில் சரிபார்க்கலாம். ஆன்டெனாவைக் கழற்றவும் வேண்டாம், ரேடாரை நிறுத்தவும் வேண்டாம்.